சிலந்திக்குள் வளரும் ஈ: அக்ரோசெரிடே குடும்பம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கிடைத்த உடல்

இந்த ஆய்வை ஈயிலிருந்து தொடங்க முடியாது. செத்துப்போன சிலந்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அக்ரோசெரிடே என்ற இந்த ஈக் குடும்பத்தின் வாழ்க்கையைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பங்கு, ஈயைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது அல்ல. சிலந்தி வளர்த்தவர்கள் கண்ணில் தற்செயலாகப் பட்டது.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஒருவர் தோட்டத்திலோ காட்டிலோ முதிராத சிலந்தி ஒன்றைப் பிடித்து வருகிறார். முதிர்ந்த பிறகுதான் இனம் பார்க்க முடியும் என்பதால் குப்பியில் விட்டு இரை போட்டு வளர்க்கிறார். சிலந்தி நன்றாகத்தான் இருக்கிறது. விட்ட பூச்சியைப் பிடிக்கிறது, தின்கிறது, சில வேளை தோலும் உரிக்கிறது. பிறகு ஒரு நாள் முதல் இரையைத் தொடுவதில்லை. நடை தளர்கிறது. வயிறு மட்டும் உப்பலாகவே இருக்கிறது. தோலுரிக்கப் போகிறது என்று வளர்ப்பவர் நினைத்துக்கொள்வார். அது இயல்பான எண்ணம்தான். தோலுரிப்பதற்கு முன்பும் சிலந்திகள் சாப்பாட்டை நிறுத்தும், ஒதுங்கி நூல் பின்னும். இதுவும் ஒதுங்கி நூல் பின்னுகிறது. அடுத்த முறை குப்பியைப் பார்க்கும்போது சிலந்தி இருந்த இடத்தில் சுருங்கிய தோல் கிடக்கிறது. பக்கத்தில், அதே நூலைப் பற்றிக்கொண்டு, சிலந்தியின் வயிற்றளவு பருமனில், காலே இல்லாத வெளிறிய புழு ஒன்று தொங்குகிறது.

1866-இல் டான்சிக் நகரத்தில் (இன்று போலந்தின் கிடான்ஸ்க்) அன்டன் மெங்கே பதிவு செய்தது இந்த வகை நிகழ்வுதான். அவர் பள்ளி ஆசிரியர். பிரஷ்ய நாட்டுச் சிலந்திகளைப் பற்றி விரிவாக எழுதியவர். கிளூபியோனா என்ற, இலைகளை மடக்கி நூலால் பை கட்டி வாழும் சிலந்தியிலிருந்து ஓக்கோடிஸ் பேரினத்து ஈ வெளிவந்ததை அவர் கண்டார். மூன்றாண்டு கழித்து, 1869-இல், பிரெடரிக் பிராவர் ஆஸ்டோமெல்லா என்ற இன்னொரு ஈ, வளைக்கு மூடி போட்டு மண்ணுக்குள் வாழும் சிலந்தியிலிருந்து வந்ததை எழுதினார். ஒன்று செடியில் ஓடியாடும் சின்னச் சிலந்தி. மற்றது தரைக்கடியில் ஆண்டுக்கணக்கில் வாழும் தடித்த சிலந்தி. இரண்டுக்கும் உறவு மிகத் தொலைவு. இரண்டையும் தின்றவை ஒரே குடும்பத்து ஈக்கள்.

யார் மேல் சந்தேகம்?

சிலந்தியைக் கொல்லும் உயிர்கள் பல. ஆகவே கண்ட புழுவையெல்லாம் அக்ரோசெரிடே என்று எழுதிவிடக் கூடாது. முதலில் மற்றவர்களைக் கழித்தாக வேண்டும்.

சிலந்தி வேட்டைக் குளவி கொட்டி, அசையவிடாமல் செய்து, இழுத்துப்போய்க் குழியில் போட்டு, உடலின் வெளிப்புறத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டும். அந்தச் சிலந்தி குழிக்குள் கிடக்குமே தவிர நடமாடாது. நம் சிலந்தியோ கடைசி நாள்வரை நடமாடியது. இக்னியூமன் குளவிகளில் ஒரு கிளை சிலந்தியை நடமாடவிட்டே தின்னும். ஆனால் அதன் புழு வெளியே, வயிற்றின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். கோஸ்ட்டா ரிகாவில் அப்படி ஒரு குளவியின் புழு, சிலந்தி சாவதற்கு முந்திய இரவில் அதை வேறு மாதிரி வலை பின்ன வைப்பதை வில்லியம் எபர்ஹார்ட் 2000-இல் விவரித்தார். கூண்டில் வளரும் டரான்டுலா என்ற பெரிய மயிர்ச் சிலந்திகளில் ஃபோரிட் ஈக்களின் புழுக்கள் வருவதுண்டு. அவை சிறியவை, கூட்டமாக இருக்கும். எஞ்சிய இரையும் ஈரமும் தேங்கிய பெட்டியில், பெரும்பாலும் நலிந்த சிலந்தியிலோ செத்த சிலந்தியிலோ காணப்படும். மெர்மிதிட் என்ற உருளைப்புழு என்றால் நீண்ட நூலாகச் சுருண்டு வரும். பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு தெரியும்.

மிக நெருங்கிய போட்டியாளர் மான்டிஸ்பிட் பூச்சி. வளர்ந்தபின் கும்பிடுபூச்சி மாதிரி முன்கால் மடக்கி நிற்கும் இந்தப் பூச்சியின் முதல் பருவப் புழுவும் சிலந்தி மேல் தொற்றி ஏறும். சிலந்தியின் நுரையீரலுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்வதும் உண்டு. ஆனால் அது காத்திருப்பது சிலந்தியின் முட்டைப் பைக்காக. தாய்ச் சிலந்தி பை கட்டும்போது அதற்குள் இறங்கி முட்டைகளைத் தின்னும், தாயைக் கொல்லாது.

எல்லாவற்றையும் கழித்த பிறகு முடிவு சொல்வது கூட்டுப்புழுப் பருவம். வீட்டு ஈ, சதை ஈ, ஃபோரிட் ஈ இவற்றின் கூட்டுப்புழு, கடைசிப் பருவத் தோலே இறுகி உண்டாகும் பழுப்பு உறைக்குள் மறைந்திருக்கும். அக்ரோசெரிடேக்கு அந்த உறை கிடையாது. கடைசித் தோலைக் கழற்றிவிட்டு, வளைந்த முதுகும் குனிந்த சிறு தலையும் வெளியே தெரிய, அம்மணமாகக் கிடக்கும். அந்தக் கூனைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

வளர்ந்த ஈ

உலகம் முழுவதும் 50-க்கு மேற்பட்ட பேரினங்களில் 500-க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. இந்திய வாசகர் பழைய நூல்களில் தேடினால் சிர்டிடே என்ற பழைய பெயரில் தேட வேண்டும். என்ரிக்கோ புரூனெட்டி 1920-இல் பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசைக்காக எழுதிய ஈக்கள் தொகுதியில் அந்தப் பெயரில்தான் இந்தக் குடும்பம் இருக்கிறது.

ஈயைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், தலைக்கு மேல் மூட்டை சுமந்து குனிந்து நடக்கும் ஆள் நினைவுக்கு வருவார். மார்பு அவ்வளவு புடைத்திருக்கும். தலை அதன் கீழே, முன்பக்கம், கடுகாக ஒட்டியிருக்கும். அந்தத் தலையும் ஏறத்தாழ முழுக்கக் கண். வலக்கண்ணும் இடக்கண்ணும் நடுவே இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொள்ளும். பொதுவாக ஈக்களில் ஆணுக்குத்தான் கண்கள் இப்படிக் கூடும். இங்கே பெரும்பாலான இனங்களில் பெண்ணுக்கும் அப்படியே. இறக்கையின் அடியில் இரண்டு பெரிய மடல்கள் உண்டு. மற்ற ஈக்களில் சிறு செதிலாக நின்றுவிடுவது இங்கே, பறக்கும்போது உடல் நிலை காக்கும் குமிழ் உறுப்பையே மூடும் அளவுக்குப் பெருத்திருக்கும். வயிறு காற்றடைத்ததுபோல் உப்பியது.

வாயைப் பொறுத்தவரை ஒரே குடும்பத்துக்குள் இரு துருவம். ஓக்கோடிஸ் போன்றவற்றுக்கு உண்ணும் வாய் இல்லை. வெளிவந்து, கூடி, முட்டையிட்டு, சில நாட்களில் முடிந்துவிடும். புழுவாக இருந்தபோது சிலந்தியிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் அதன் வாழ்நாள் முழுவதற்குமான சாப்பாடு. யூலாங்கஸ், லாசியா போன்றவற்றுக்கு உடல் நீளத்துக்கு ஈடான உறிஞ்சுகுழல் உண்டு. சில லாசியா இனங்களில் உடலைவிடவும் நீளம். அவை பூக்களில் தேன் குடிக்கும்.

முட்டை

இந்தக் குடும்பத்துப் பெண் ஈ சிலந்தியிடம் போவதே இல்லை. என் பார்வையில் இந்த வாழ்க்கைமுறை முழுவதையும் தீர்மானிப்பது இதுதான். குளவி, சிலந்தியை நேரில் சந்தித்துக் கொட்டி முட்டை வைக்கிறது. ஒரு முட்டைக்கு ஒரு சிலந்தி உறுதி. ஆகவே அதற்குச் சில டஜன் முட்டை போதும். கொடுக்கும் இல்லாத, வேகமும் இல்லாத, தடுமாறிப் பறக்கும் இந்த ஈ, சிலந்தியின் கண்முன் போனால் இரையாகிவிடும். அதனால் சந்திப்பு வேலையைக் குஞ்சுகளின் தலையில் கட்டிவிட்டு, எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறது.

ஓக்கோடிஸ் பெண் உலர்ந்த சுள்ளி நுனியில், பட்டுப்போன தண்டில் உட்கார்ந்து முட்டைகளை நெருக்கி நெருக்கி ஒட்டும். சிறியவை, கருமையானவை. சுள்ளி கரியேறியதுபோல் தெரியும். டெரோடோன்ஷியா பேரினத்து ஈ மரத்தண்டின் அருகே பறந்துகொண்டே முட்டைகளைத் தெளிக்கும். பல இனங்களில் ஒரு பெண்ணின் முட்டைகள் ஆயிரத்தைத் தாண்டும். இவற்றில் சிலந்தியின் உடலுக்குள் போய்ச் சேர்வது விரல்விட்டு எண்ணத்தக்கவைதான். மற்றவை பட்டினியில், வெயிலில், மழையில் போய்விடும்.

நடக்கத் தெரிந்த புழு

முட்டையிலிருந்து வருவதைப் புழு என்று சொல்ல மனம் வராது. பிளானிடியம் என்று பூச்சியியலில் இதற்குப் பெயர். நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கால் இல்லை, ஆனால் உடல் வளையங்கள் ஒவ்வொன்றிலும் கெட்டியான கருந்தகடு, முட்கள், பின்முனையில் நீண்ட மயிர்கள், ஒட்டிக்கொள்ள ஓர் உறிஞ்சுதட்டு. முன்முனையை ஊன்றிப் பின்முனையை இழுத்து, வளைந்து வளைந்து நடக்கும். பின்முனையைத் தரையில் பதித்து உடலை நெட்டாக நிமிர்த்தி நிற்கும். ஏதாவது அசைந்தால் ஆடும். வால் மயிர்களை உந்திச் சில மில்லிமீட்டர் உயரம் துள்ளவும் செய்யும்.

அப்படி நிற்கும் பிளானிடியத்தின் மேல் சிலந்தியின் கால் பட்டால் போதும். பற்றிக்கொள்ளும். கால்வழியாக உடலை நோக்கி ஏறும். சிலந்தியின் ஓடு கெட்டி. ஆனால் கால் மூட்டுகளிலும், உடலின் இரு பகுதிகளையும் இணைக்கும் இடத்திலும், வயிற்றிலும் தோல் மெல்லியது. அங்கே வாயுறுப்பால் கிழித்து உள்ளே நுழையும். நுழைவது முதல் பருவத்திலேயே. ஒருமுறை உள்ளே போனபின் கவசமும் நடையும் தேவையில்லை. அடுத்த தோலுரிப்பில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மிருதுவான சதைப் புழுவாகிவிடும். ஒரே புழு, பருவத்துக்குப் பருவம் வேறு வேறு உருவம்.

பற்றிக்கொண்ட கால் சிலந்தியுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1986-இல் டெரோடோன்ஷியா ஃபிளாவிபஸ் ஈயின் பிளானிடியங்கள் இரண்டு வகை உண்ணிப் பேன்களின் உடலில் இருந்தது பதிவாயிற்று. செம்பட்டுப் பூச்சி இனத்தாருக்கு உறவான அந்தச் சிறு உயிர்களும் எட்டுக்கால் கூட்டம்தான். 2008-இல் பீட்டர் கெர், ஷான் விண்டர்டன் இருவரும் பால்டிக் அம்பருக்குள் அதே காட்சியைக் காட்டினார்கள்: உண்ணிப் பேனும், அதைப் பற்றியிருக்கும் அக்ரோசெரிடே முதல் பருவப் புழுவும், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரப்பிசினில் சிக்கியபடியே. அவ்வளவு சிறிய உடலில் இவ்வளவு பெரிய ஈ வளர இடமில்லை என்பதால், இதைத் தவறான வண்டியில் ஏறியதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். எட்டுக் கால் என்ற அடையாளம் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கலாம்.

நுரையீரலில் குடியிருப்பு

உள்ளே நுழைந்த புழு வயிற்றுப் பகுதிக்குப் போகிறது. அங்கே அதற்கு வேண்டியது உணவல்ல, முதலில் காற்று. சிலந்தியின் உடல் திரவத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் புழு எப்படி மூச்சு விடும்? விடை சிலந்தியின் உடலிலேயே இருக்கிறது. வயிற்றின் அடிப்பக்கம் முன்பாகத்தில் புத்தக நுரையீரல் உண்டு. மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்க, அவற்றினிடையே வெளிக்காற்று வந்துபோகும் அறை அது. டரான்டுலா, மூடிக்கதவுச் சிலந்தி போன்ற பழைய வகைக்கு இரண்டு இணை. மற்ற பெரும்பாலான சிலந்திகளுக்கு ஓர் இணையும், கூடவே காற்றுக்குழாய்களும். புழுவின் மூச்சுத்துளைகள் பின்முனையில் இருக்கின்றன. அந்தப் பின்முனையை நுரையீரலோடு பொருத்திக்கொண்டு, வாய்ப்பக்கம் வயிற்றுக்குள் நீண்டிருக்க, அப்படியே தங்கிவிடுகிறது.

இனி அவசரமே இல்லை. இந்த உயிரின் வாழ்க்கையில் மிக நீண்ட பகுதி இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காத பகுதியும் இதுதான். பூச்சியியலாளர்கள் குறிப்பெடுக்கக் காரணமே இல்லாத மாதங்கள். புழு கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தை உறிஞ்சி உயிர் வைத்திருக்கும், வளராது. சிலந்தி வேட்டையாடும், வளரும், தோலுரிக்கும், குளிர்காலத்தைக் கழிக்கும். ஓராண்டு ஆயுள் கொண்ட சிறு சிலந்தியில் இந்தக் காத்திருப்பு சில மாதங்கள். பழைய வகைச் சிலந்திகளில் ஆண்டுக்கணக்கு. பத்தாண்டு வரைகூடப் போகும் என்று சொல்லப்படுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் சிலந்தி ஆய்வாளர் பார்பரா யார்க் மெயின் தொடர்ந்து கவனித்து வந்த மூடிக்கதவுச் சிலந்தி ஒன்று 43 ஆண்டு வாழ்ந்ததை நினைத்தால் (அதைக் கொன்றது குளவி என்று கணித்தார்கள்) அந்த வகைச் சிலந்திக்குள் இருக்கும் புழுவுக்குப் பத்தாண்டு பெரிய காலமல்ல.

ஏன் காத்திருக்க வேண்டும்? கணக்கு எளிது. புழு நுழைவது பெரும்பாலும் இளஞ்சிலந்திக்குள். அப்போதே தின்றுவிட்டால் கிடைப்பது சொற்பம். ஓர் ஈயை உருவாக்கப் போதாது. சிலந்தி வளர்ந்தால் அது சேர்த்ததெல்லாம் புழுவுக்கு. இரை தேடுவது, எதிரியிடமிருந்து தப்புவது, குளிரில் பதுங்குவது எல்லாம் சிலந்தியின் பொறுப்பு. அதனால்தான் சிலந்தி சாகாமல் பார்த்துக்கொள்வது புழுவுக்கு முக்கியம். உயிரைக் குடிக்கப் போகும் உயிர், கடைசி வரை அந்த உயிரின் நலத்தையே நம்பி இருக்கிறது.

சிலந்தி முழுக்கக் கையறு நிலையில் இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. டென்மார்க்கில் பார்டோசா என்ற ஓநாய்ச் சிலந்தியில், அக்ரோசெரா ஈயின் புழு தாக்கிய பிறகு நடப்பதை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். உள்ளே வந்த புழுவின் வளர்ச்சியைச் சிலந்தி அடக்கிவிடுவதற்கான சான்று அதில் கிடைத்தது. தாக்கப்பட்ட சிலந்திகளின் வளர்ச்சி முறையும் மாறியிருந்தது. நுழைந்த புழுவெல்லாம் வென்றுவிடுகிறது என்று நாம் நினைப்பதற்குக் காரணம், வென்ற புழுதான் வெளியே வந்து முகம் காட்டுகிறது என்பதுதான். அடங்கிப்போன புழு சிலந்தியை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசி நாட்கள்

சிலந்தி முதிர்ச்சியை நெருங்கும்போது எல்லாம் ஒரேயடியாக மாறுகிறது. புழு தோலுரித்துக் கடைசிப் பருவத்துக்கு வருகிறது. அதுவரை துளித்துளியாக உறிஞ்சியது இப்போது சில நாட்களில் உள்ளே இருப்பதையெல்லாம் தின்கிறது: செரிமானச் சுரப்பி, சினைப்பை, தசை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த புழு சிலந்தியின் வயிறு முழுவதும் நிறைந்துவிடும். வெளிறிய வயிறு கொண்ட சிலந்தி என்றால் தோலுக்கடியில் புழு அசைவது இந்தக் கட்டத்தில் தெரியும்.

இந்த நிலையிலும் சிலந்தி நடக்கிறது, நூல் நூற்கிறது. பல நிகழ்வுகளில், தோலுரிப்பதற்குக் கட்டும் அறையைப் போன்ற ஒரு நூற்கூட்டைக் கட்டிவிட்டுத்தான் சாகிறது. புழு தன் தோலுரிப்புக்கான இயக்குநீரால் சிலந்தியையும் அப்படி ஆக்கிவிடுகிறதா என்ற கேள்வி இயல்பாக எழும். குளவிப் புழுக்களின் விஷயத்தில் இந்த வழியில் ஆய்வுகள் போயிருக்கின்றன. ஈயின் விஷயத்தில் அந்தக் கேள்வியை யாராவது எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. எப்படியானாலும் அந்தக் கூடு உதவுவது புழுவுக்குத்தான். வயிற்றுத் தோலைக் கிழித்துக்கொண்டு புழு வெளியேறும்போது சிலந்தி இறந்திருக்கும், அல்லது இறந்துகொண்டிருக்கும். கால் இல்லாத, கவசம் இல்லாத புழு தரையில் விழுந்தால் எறும்புக்குப் போய்விடும். நூலில் தொற்றி, அதிலேயே சிறிது நேரம் ஓய்ந்து, குடலில் தேங்கிய கழிவை வெளியேற்றி, அங்கேயே கூட்டுப்புழுவாகிறது. வளைச் சிலந்திகளில் வளையே அந்தக் காப்பிடம். வெப்பத்தையும் இனத்தையும் பொறுத்துச் சில நாள் முதல் சில வாரம் கழித்து, முதுகில் பிளந்து ஈ வரும்.

சாதாரணமாக ஒரு சிலந்திக்கு ஒரு புழு. பெரிய டரான்டுலா, மூடிக்கதவுச் சிலந்திகளில் ஒன்றுக்கு மேற்பட்டவையும் வந்ததுண்டு.

ஒரு மனிதர், ஒரு குடும்ப மரம்

இந்தத் துண்டு துண்டான பார்வைகளை ஒன்றுசேர்த்தவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் எவர்ட் ஷ்லிங்கர் (1928–2014). கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றியவர். 1960-இல் ஓக்கோடிஸ் பேரினத்தை முழுதாகச் சீர்திருத்தி எழுதினார். 1987-இல் இந்தக் குடும்பத்தின் உயிரியலைத் தொகுத்து, இவை சிலந்திகளின் உண்மையான உள்ளொட்டுண்ணிகள் என்று நிறுவினார். சுள்ளியில் முட்டை, உடலில் பிளானிடியம், நுரையீரலில் புழு, நூலில் கூட்டுப்புழு என்று மேலே சொன்ன சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோத்ததில் அவர் பங்கு மிகப் பெரியது.

விண்டர்டன், வீக்மன், ஷ்லிங்கர் மூவரும் 2007-இல் டிஎன்ஏ கொண்டு குடும்ப மரம் வரைந்தார்கள். அப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த மூன்று துணைக்குடும்பங்களில் பனோபினே, டரான்டுலா மூடிக்கதவு வகையான பழைய சிலந்திகளை நம்பியிருக்கிறது. அக்ரோசெரினே, பிலோபோடினே இரண்டும் பெரும்பாலும் மற்றச் சிலந்திகளை: ஓநாய்ச் சிலந்தி, தாவும் சிலந்தி, வட்டவலைச் சிலந்தி, புனல்வலைச் சிலந்தி. மெங்கேயும் பிராவரும் மூன்றாண்டு இடைவெளியில் கண்ட இரண்டு நிகழ்வுகள் இந்தப் பெரும் பிளவின் இரு கரைகளிலிருந்து வந்தவை. ஜெசிகா கில்லுங்கும் சகாக்களும் 2018-இல் இன்னும் பெரிய அளவு மரபணுத் தரவுகளோடு இந்த மரத்தை மீண்டும் ஆராய்ந்தார்கள்.

குடும்பத்தின் வயது பெரியது. கஜகஸ்தானின் கராட்டாவ் மலைப் பாறைகளில், டைனோசர்கள் நடமாடிய ஜுராசிக் காலத்து அடுக்கில், ஆர்க்கோசிர்டஸ் என்ற அக்ரோசெரிடே ஈ கிடைத்திருக்கிறது. அந்த ஈயின் புழு எந்தச் சிலந்தியைத் தின்றது என்பதைப் பாறை சொல்லாது. ஆனால் கூன் முதுகு அப்போதே இருந்தது.

தோட்டத்தில் ஒரு நிகழ்வு

இது வெறும் வினோதம் அல்ல என்பதற்கு மத்திய ஐரோப்பாவின் ஒரு நிகழ்வு போதும். ஃபிலோட்ரோமஸ் செஸ்பிட்டம் என்பது மரத்தில் வாழும், வலை கட்டாமல் ஓடிப் பிடிக்கும் சிறு சிலந்தி. ஆப்பிள் போன்ற பழத்தோட்டங்களில் ஏராளம். அசுவினி உள்ளிட்ட பூச்சிகளை அது தின்பதால் தோட்டக்காரருக்கு நண்பன். அந்த நோக்கில் அதைப் பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. 2012-இல் கெல்மையர், மிகால்கோ, கொரென்கோ மூவரும் அந்தச் சிலந்தியிலிருந்து ஓக்கோடிஸ் ஃப்யூமேடஸ் ஈயை வளர்த்தெடுத்ததைப் பதிவு செய்தார்கள். கூடவே இன்னொன்றும் கண்டார்கள்: ஈயின் உடலில் வோல்பாகியா பாக்டீரியா. பூச்சிகளின் உயிரணுக்களுக்குள் வாழ்ந்து, தாயின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும் பாக்டீரியா அது. பல பூச்சிகளில் ஆண் பெண் விகிதத்தையே மாற்றிவிடும். அக்ரோசெரிடேயில் அது கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை.

அசுவினியைச் சிலந்தி தின்கிறது, சிலந்தியை ஈ தின்கிறது, ஈக்குள் பாக்டீரியா இருக்கிறது. தோட்டத்தில் சிலந்தி குறைந்தால் மருந்து, வெயில், பறவை என்றே காரணம் தேடுவோம். உலர்ந்த சுள்ளி நுனியிலிருந்து ஏறிய அரை மில்லிமீட்டர் புழுவும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

அதே குடும்பத்தின் மறுபக்கம் வட அமெரிக்காவின் யூலாங்கஸ். பச்சையும் நீலமும் மின்னும் உடல், நீண்ட உறிஞ்சுகுழல், உரத்த ரீங்காரம். பல வகைப் பூக்களில் தேன் குடித்து மகரந்தம் சுமக்கும் இந்த ஈ, தரைக்கடியில் வாழும் சிலந்திகளின் உடலில் வளர்ந்து வருவது. மலைச்சரிவில் ஒரு பூவுக்கு மகரந்தம் வந்து சேர, கீழே மண்ணுக்குள் சிலந்தி வளைகள் இருந்தாக வேண்டும். சரிவைச் சமன் செய்து மேல்மண்ணைக் கிளறினால் சிலந்தியோடு ஈயும் போகும். ஈ வந்துகொண்டிருந்த பூவுக்கும் ஒரு வரவு குறையும். பூவைப் பாதுகாக்கத் திட்டம் போடுபவர்கள் வளையைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

உடலை எப்படி வைத்துக்கொள்வது

இந்தக் குடும்பத்து ஈக்களில் மிகப் பலவற்றுக்கு இன்றும் எந்தச் சிலந்தி என்று பதிவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, ஈயை வலையில் பிடித்தால் அது எங்கே வளர்ந்தது என்பதற்கான சுவடு அதில் இல்லை. மற்றது இன்னும் கடினம்: சிலந்தியின் இனத்தை உறுதி செய்வது முதிர்ந்த ஆணின் வாயருகே உள்ள உணர்காலையும் பெண்ணின் இனப்பெருக்க உறுப்பையும் பார்த்துத்தான். புழு கொல்வதோ பல வேளை முதிர்வதற்குச் சற்று முன். ஆகவே ஈ கையில் இருந்தும், சிலந்தியின் பேரினம் வரைதான் எழுத முடிகிறது.

அதனால் சிலந்தி வளர்ப்பவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சிலந்தி பிடித்த இடம், நாள், எதன் மேல் இருந்தது என்பதை முதல் நாளே குறித்துவைக்க வேண்டும். வளர்ப்பின்போது கழற்றிய தோல்களை எறியாமல் தேதியிட்டு வைக்க வேண்டும். புழு வெளிவந்துவிட்டால் பயந்து குப்பியைக் கழுவிவிடக் கூடாது. புழுவை நூலிலிருந்து பிரிக்கவும் கூடாது. காற்றுப் போக வழிவிட்டு, ஈரம் தேங்காமல், எறும்பு ஏறாமல் அப்படியே விட வேண்டும். சிலந்தியின் எஞ்சிய உடலை உடனே 95 விழுக்காடு எத்தனாலில் போட வேண்டும். காலில் மிஞ்சிய சிறு திசுவிலிருந்தும் டிஎன்ஏ எடுத்து இனம் சொல்ல இன்று முடியும். ஈ வெளிவந்ததும் இறக்கை விரிந்து உடல் கெட்டியாக ஒரு நாள் விட்டு, பிறகு அதைப் பதப்படுத்தி, காலியான கூட்டுப்புழுத் தோலையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே எண் கொடுத்து அருகில் உள்ள பூச்சி அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். எண் மாறிவிட்டால் ஈ ஈயாகவும் சிலந்தி சிலந்தியாகவும் தனித்தனிப் பெட்டிக்குப் போய்விடும். ஒன்று மற்றதற்குள்ளிருந்து வந்தது என்ற செய்தி எந்தப் பெட்டியிலும் இருக்காது.